தமிழ்நாட்டின் வரவுக் கணக்கை அடியிலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டாமா?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

பட்ஜெட் வந்தால் இங்கே இரண்டு நாள் சண்டை நடக்கும். கடன் எவ்வளவு, இலவசம் எவ்வளவு, யார் ஆட்சியில் ஏறியது என்று. வரவுப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. நான் ஓய்வுபெற்றவன், கணக்குப் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன், பொழுது நிறைய இருக்கிறது, புரட்டினேன்.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றிய வரியில் நம் பங்கு 58,022 கோடி, மானியம் 23,834 கோடி, வரியல்லாத வருவாய் 28,819 கோடி. இவ்வளவு வந்தும் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் கொடுத்து முடிக்கவே கடன் வாங்குகிறோம், பாலம் கட்டவும் அணை கட்டவும் தனிக் கடன். 2013-14ல் தொடங்கிய பற்றாக்குறை இது, ஒரு வருடம்கூட விட்டுப் போகவில்லை.

சொந்த வரியைப் பிரித்தால் வணிக வரி 1,63,930 கோடி, முத்திரைத்தாளும் பதிவும் 26,109 கோடி, வாகன வரி 13,441 கோடி, ஆயத்தீர்வை (மதுமேல் போடுவது) 12,944 கோடி, மிச்சத்தில் பெரும்பகுதி மின்சார வரி. மாநிலத்தின் மொத்த உற்பத்தி சுமார் 35.67 லட்சம் கோடி என்று வைத்துக்கொண்டால் சொந்த வரி அதில் 6.2 சதவீதம்தான் வருகிறது. 2006-07 வாக்கில் இது எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு சதவீத இடைவெளி இன்றைய அளவில் சுமார் 70 ஆயிரம் கோடி. பற்றாக்குறையைவிடப் பெரிய தொகை.

நான் கேட்பது வரியை ஏற்று என்றல்ல. எதன்மேல் வரி போடுகிறோம், யார் கட்டுகிறார், யார் கட்டாமல் தப்புகிறார், கடைசியாக எப்போது அளந்து பார்த்தோம், இதை முதலில் மேசைமேல் வையுங்கள், ஒரு சீராய்வு நடக்கட்டும் என்கிறேன். விகிதம் அதற்கப்புறம்.

சும்மாதான்வந்தேன்

நீளமாக எழுதி என்ன சார் பிரயோஜனம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. மகளிர் உரிமைத் தொகை ஒன்றுக்கே 13,807 கோடி. இலவச பஸ், இலவச மின்சாரம் இதெல்லாம் தனி. செலவைக் குறைக்கச் சொல்லாமல் வரவைப் பார்க்கச் சொல்வது, சம்பளம் போதவில்லை என்று மனைவியின் தாலிச் சங்கிலியைத் தேடுவது மாதிரி இருக்கிறது. ‘சீராய்வு’ என்றால் கடைசியில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான். இதுவரை எந்த ஆய்வாவது குறைப்பில் முடிந்ததுண்டா?

கணக்குப்பிள்ளை

சீராய்வு என்றால் ஏற்றம் என்ற பயம் நியாயமானது, அதற்கு வருகிறேன். ஆனால் உரிமைத் தொகையை முழுக்க நிறுத்தினாலும் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். மீதிக்கு என்ன பதில்?

மொட்டைமாடி

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சென்னையின் பழைய 107 வார்டுக்குள் இருக்கும் 850 சதுர அடி ஃபிளாட், அப்பா வாங்கியது. 2022ல் சொத்துவரி ஒரே அடியாக 75 சதவீதம் ஏறியது. 600 சதுர அடிக்குள் என்றால் 50, எங்களுக்கு 75, 1,800 சதுர அடிக்கு மேல் 150. 2011ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் 25 முதல் 100 வரை. எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குப் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் பிறகு நிதானமாக யோசித்தால் சென்னையில் அதற்கு முந்தைய திருத்தம் 1998. மற்ற ஊர்களில் 2008. நடுவில் 2018ல் ஏற்றி, எதிர்ப்பு வந்ததும் அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். 24 வருடம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் யாருக்குத்தான் வலிக்காது. எங்களுக்குக் கோபம் தொகைமேல் இல்லை, திடீர் மேல்தான்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக் கட்டடம் நாலு மாடி, முழுக்க மகளிர் விடுதி. ஒரு அறைக்கு மூன்று கட்டில், வாசலில் பலகை, மாடியில் நாலு வாஷிங் மெஷின். சொத்துவரியில் அது ‘குடியிருப்பு’. வரி வசூலிக்க வருகிறவர் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் எங்கள் கதவைத் தட்டுவார். நான் எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரசீதெல்லாம் கட்டிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேடிப் பார்த்து எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை

மேடம், அந்த விடுதிதான் நான் சொல்ல வந்தது. உங்கள் 75 சதவீதம் விகிதம். அந்த விடுதி வரித்தளம், அதாவது வரி எதன்மேல், யார்மேல் விழுகிறது என்ற பட்டியல். விகிதத்தை ஏற்றும்போது ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில்தான் அது முழுக்க விழுகிறது. பட்டியலில் இல்லாதவனுக்கும், தப்பாகப் பதிவானவனுக்கும் 150 சதவீதம் ஏற்றினாலும் பூஜ்யத்தின் 150 சதவீதம் பூஜ்யம்தானே.

நாமக்கல்_டீசல்

அண்ணே, லாரிக்காரன் ஒருத்தன் பேசலாமா. எனக்கு மூன்று வண்டி. டீசலுக்கு மாநில வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு நிலையாக. ஒரு வண்டிக்கு 300 லிட்டர் போட்டால் அந்த நிலையான பகுதி மட்டும் 2,886 ரூபாய். 2020 மே மாதம் ஊரடங்கில் வண்டியெல்லாம் ஷெட்டில் நின்றபோது மாற்றியது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள், 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும் ஆனது, டீசலைத் தொடவே இல்லை.

அதனால் என்ன ஆகிறது? வடக்கே போகிற வண்டி ஓசூர் வரைக்கும் போக அளவாகப் போட்டுக்கொண்டு, எல்லை தாண்டி கர்நாடகத்தில் டேங்கை நிரப்பும். எங்கள் தொழிலில் இது ரகசியமே இல்லை, புது டிரைவருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான். அந்த 300 லிட்டருக்குத் தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது சைபர். ரோடு மட்டும் நம்முடையது.

பதிவும் அப்படித்தான். ஆம்னி பஸ்ஸெல்லாம் நாகாலாந்து நம்பரில் கோயம்பேட்டிலிருந்து மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்தன, 2024 ஜூனில்தான் நிறுத்தினார்கள். பெரிய காருக்குப் பாண்டிச்சேரி விலாசம். இங்கே 2023 நவம்பரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் என்று ஏற்றியபோது எத்தனை கார் விலாசம் மாறியது என்று யாராவது எண்ணினார்களா?

பழையபேப்பர்

கதை ஒன்று சொல்லட்டுமா, சம்பந்தம் உண்டு. 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது அதுதான். ஆக, விற்பனை வரி இங்கே பிறந்ததே மதுவுக்கு மாற்றாக.

1971ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981ல் மறுபடி கடை திறந்தது, 1983ல் டாஸ்மாக், 2003ல் சில்லறையும் அதன் கையில். மாற்றாக வந்த விற்பனை வரி மட்டும் எந்தக் கட்டத்திலும் போகவில்லை. மாற்றும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது. 2023-24ல் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து டாஸ்மாக் வழியாக வந்தது 45,855 கோடி.

தலைப்பைத் தொடங்கிய ஐயா ஆயத்தீர்வை 12,944 கோடி என்று போட்டிருக்கிறாரே, அதைப் பார்த்து மதுவில் அவ்வளவுதான் வருகிறது என்று யாரும் ஏமாற வேண்டாம். பெரிய பங்கு ‘வணிக வரி’ என்ற தலைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரே பாட்டில், இரண்டு தலைப்பு.

கணக்குப்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள். வணிக வரி 1.63 லட்சம் கோடி என்றால் கேட்பவருக்கு ஜவுளிக்கடையும் நகைக்கடையும் நினைவுக்கு வரும், அதற்குள் பாட்டிலும் பெட்ரோலும் இருப்பது தெரியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தன் இஷ்டத்துக்கு விகிதம் மாற்றக்கூடியவை விரல்விட்டு எண்ணலாம். மது, பெட்ரோல் டீசல், பத்திரம், வண்டி, கரண்ட். பணம் வேண்டுமென்றால் இவற்றைத்தான் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். குடிப்பவர் எண்ணிக்கை ஏற வேண்டும், இல்லை என்றால் வண்டி அதிகமாக ஓட வேண்டும். இப்படி ஒரு வரித்தளத்தின்மேல் நிற்கிற அரசு மதுக்கடையை மூடுவேன் என்று சொன்னால், எந்தப் பணத்தில் என்று கேட்க எனக்குத் தோன்றும். 2023 ஜூனில் 500 கடை மூடினார்கள், வருமானம் குறையவில்லை, அடுத்த கடைக்குப் போனது கூட்டம்.

திருப்பூர்_நூல்

ஜிஎஸ்டி பற்றி வந்ததால் எழுதுகிறேன். பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன், 14 மெஷின்.

முதல் விஷயம், நாங்கள் இங்கே தைத்து அனுப்புகிற சட்டை லக்னோவில் விற்றால் மாநிலப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்கு. முன்பு மத்திய விற்பனை வரி என்று இரண்டு சதவீதமாவது இங்கேயே நின்றது. உற்பத்தி செய்கிற ஊருக்கு ரோடு வேண்டும், சாயப்பட்டறைத் தண்ணீருக்கு வழி வேண்டும், வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி வேண்டும், வரி மட்டும் வாங்குகிற ஊருக்கு. ஐந்து வருடம் இழப்பீடு கொடுத்தார்கள், 2022 ஜூனோடு நின்றது. 2025 செப்டம்பர் 22லிருந்து 2,500 ரூபாய் வரை துணிக்கு 5 சதவீதம், எனக்கு அது நல்ல செய்திதான், ஆனால் அதை முடிவுசெய்தது சென்னை இல்லை.

இரண்டாவது, ‘வரித்தளத்தை விரிப்பது’ என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் என்ன நடந்தது? யூபிஐ கணக்கைப் பார்த்து காய்கறிக் கடைக்கும் பேக்கரிக்கும் லட்சக்கணக்கில் நோட்டீஸ். அடுத்த வாரமே கடைகளில் ‘யூபிஐ இல்லை, காசு மட்டும்’ என்று அட்டை தொங்கியது. விரிக்கப் போய் சுருங்கியதுதான் மிச்சம்.

எனக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. நூல் வாங்கினேன், பில் இருக்கிறது, பேங்கில் பணம் போன கணக்கு இருக்கிறது, சரக்கு வந்த லாரி ரசீது இருக்கிறது. விற்றவர் ரிட்டர்ன் போடவில்லை. உடனே என் உள்ளீட்டு வரவை (நூல் வாங்கும்போதே நான் கட்டிய வரியை என் வரியில் கழித்துக்கொள்வதை) ரத்து பண்ணி, வட்டியோடு கட்டு என்றார்கள். இரண்டு வருடம் அலைந்தேன், ஆடிட்டர் ஃபீஸ் தனி. அந்தப் பக்கம் பில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சரக்கே நகராது, காகிதம் நாலு கம்பெனி சுற்றி வரும், வரவை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டிவிடுவார்கள். அவர்களைப் பிடிப்பது கஷ்டம், என் முகவரி நிலையானது, அதனால் என்னைப் பிடித்தார்கள்.

சும்மாதான்வந்தேன்

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். ஆய்வு மேலே தொடங்கும், நோட்டீஸ் கீழே வரும்.

குறுக்குக்கேள்வி

ஒரு கேள்வி. சம்பளக்காரர்களிடம் மாநிலம் என்ன வாங்குகிறது? வருமான வரி ஒன்றியத்துக்கு. தொழில்வரி ஒன்றுதான் நம் ஊருக்கு, அதுவும் உள்ளாட்சிக்கு. நான் ஓஎம்ஆரில் வேலை செய்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,250 ரூபாய் பிடிப்பார்கள். எங்கள் மாடியைத் துடைக்கிற அக்காவுக்கு மாதம் 13,000 சம்பளம். ஆறு மாதத்துக்கு 78,000. சென்னையில் 75,000 தாண்டினால் 1,250. அவரும் 1,250, நானும் 1,250, எங்கள் டைரக்டரும் 1,250.

ஏன் என்று தேடினால் அரசியலமைப்பு 276வது பிரிவு. வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. அந்த உச்சவரம்பு 1988ல் 60வது திருத்தத்தில் வைத்தது, அதற்கு முன் 250. பதினைந்தாவது நிதி ஆணையம் இதை 18,000 ஆக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிற்று, யாரும் அசையவில்லை. மாநில உற்பத்தியில் பாதிக்கு மேல் சேவைத் துறை என்கிறோம். அந்தப் பாதியில் சம்பளம் வாங்குகிறவரிடமிருந்து நேராக நம் பக்கம் வருவது வருடத்துக்குத் தலைக்கு 2,500.

சென்னையில் 2024ல் நடுத்தட்டுகளின் தொழில்வரியை 35 சதவீதம் ஏற்றினார்கள். உச்சத்தை ஏற்ற முடியாது, அதனால் கீழே இருப்பவர்களுக்கு ஏறியது. கணக்கு எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

பத்திரக்காரன்

தென்காசிப் பக்கம் பத்திரம் எழுதுகிறேன், அப்பா காலத்திலிருந்து. 26,109 கோடி என்று போட்டிருக்கிறீர்களே, அதில் சில லட்சமாவது என் பேனாவில் வந்தது, எனவே பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கிற விலை, 30 லட்சம் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முன் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, மொத்தம் 8 சதவீதம், 2.40 லட்சம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். 20 லட்சத்துக்கு 11 சதவீதம், 2.20 லட்சம். ஜனங்களுக்குச் சந்தோஷம். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2.70 லட்சம். ஒரே மண், ஆறு வருடத்தில் மூன்று கணக்கு.

இதில் மனையின் உண்மையான விலை எங்கேயாவது வந்ததா? வரவில்லை. அந்த மனை 60 லட்சத்துக்குக் கைமாறும். என் மேசைக்கு எதிரே இரண்டு கட்சியும் உட்காருவார்கள். வாங்குகிறவர் காதோடு ‘அண்ணாச்சி, கவர்மெண்ட் வேல்யூக்கே போட்டுருங்க’ என்பார். பேங்க் லோன் இருந்தால் கொஞ்சம் ஏற்றிப் போடச் சொல்வார். மீதி மஞ்சள் பையில் வரும், அதை எண்ணுவதற்கு என் கடைப் பையனை வெளியே போகச் சொல்வார்கள். சுபமுகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்களே, அன்றைக்கு எங்கள் தெருவில் எத்தனை மஞ்சள் பை போகிறது என்று எண்ணினால் போதும், உங்கள் சீராய்வுக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

நான் சொல்வது, 60 லட்சத்தை 60 என்றே போடச் சொல்லி 5 சதவீதம் வாங்குங்கள். 3 லட்சம் வரும், இன்றைக்கு வாங்குவதைவிட அதிகம். ஆனால் 5 ஆக்கிய அடுத்த வருடமே 7 ஆக்கமாட்டோம் என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு வேண்டும். அது இல்லாததால்தான் மஞ்சள் பை.

மொட்டைமாடி

அண்ணாச்சி, ஆனால் உண்மை விலையைப் போட்டால் விற்கிறவருக்கு மூலதன ஆதாய வரி வருமே? அது டெல்லிக்கு. மாநிலம் 5க்குக் குறைத்தாலும் விற்கிறவர் ஒத்துக்கொள்வாரா?

பத்திரக்காரன்

ஒத்துக்கொள்ளமாட்டார். சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. வாங்குகிறவருக்கு எப்படியாவது புரியவைக்கலாம், விற்கிறவர்தான் முட்டுக்கட்டை. வழிகாட்டி மதிப்பே நடப்பு விலைக்குப் பக்கத்தில் இருந்தால் இருவருக்கும் வேறு வழி இருக்காது, அதனால்தான் மதிப்பை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும் என்கிறேன். ஐந்து வருடம் தூங்கிவிட்டு ஒருநாள் எழுந்து ஏற்றினால் அன்றைக்குப் பத்திரமே பதிவாகாது. எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம்.

அப்புறம் எங்கள் ஊர் விஷயம் ஒன்று. புளியரை செக்போஸ்ட் வழியாக கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் போகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ரோட்டைக் கடக்க முடியாது. ஒரு பர்மிட்டில் எத்தனை நடை என்று டீக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். மலை போகிறது, வரியல்லாத வருவாய் 28 ஆயிரம் கோடியில் நிற்கிறது.

பழையபேப்பர்

கனிம விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 1989ல் உச்ச நீதிமன்றம் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் கனிமம் எடுக்கிறவர் கட்டும் உரிமைத்தொகையே (ராயல்டி) ஒரு வரி, அதன்மேல் மாநிலம் செஸ் என்ற கூடுதல் வரி போடக்கூடாது என்றது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசுதான். 35 வருடம் கழித்து, 2024 ஜூலை 25ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8க்கு 1 என்று அதைத் தள்ளிவிட்டு, உரிமைத்தொகை வரி அல்ல, கனிமமுள்ள நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம் என்றது. நாமும் உடனே சட்டம் போட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். குவாரிக்காரர்கள் ஸ்டிரைக், வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி விலை ஏறியது, பேச்சுவார்த்தை, குறைப்பு. வழக்கமான படம்.

நாமக்கல்_டீசல்

கேரளா மாதிரி லாட்டரி திறந்தால் என்ன? சும்மா கேட்கிறேன், அடிக்காதீர்கள்.

பத்திரக்காரன்

2003ல் மூடிய கதவு தம்பி. அதற்கு முன் எங்கள் தெருவில் சீட்டு வாங்கியே வீட்டை விற்றவர் இரண்டு பேருக்கு நான்தான் கிரயப் பத்திரம் எழுதினேன். வேண்டாம்.

சும்மாதான்வந்தேன்

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். டெல்லி. ஒன்றிய வரியில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையில் ஒன்பதாவது நிதி ஆணையத்தில் நம் பங்கு 7.931 சதவீதம், பதினைந்தாவதில் 4.079. செஸ், சர்சார்ஜ் என்று வாங்குவதைப் பங்கிடுவதே இல்லை. கல்வி நிதியில் 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். அங்கே போய்க் கேட்காமல் விடுதிக்காரியையும் மஞ்சள் பையையும் நோண்டுவானேன்?

கணக்குப்பிள்ளை

அங்கேயும் கேட்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். 4.079க்கு 58,022 கோடி. ஒரு சதவீதத்துக்குச் சுமார் 14,200 கோடி. நம் பங்கு 5 ஆனால், அது ஆவது எவ்வளவு கடினம் என்பது தனி, கூடுதலாகக் கிடைப்பது 13,000 கோடிக்குச் சற்று மேல். பற்றாக்குறை 41,635. டெல்லி கொடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு பள்ளம் அப்படியே கிடக்கும். டெல்லியைக் காரணம் காட்டி வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது எல்லா ஆட்சிக்கும் வசதியாக இருக்கிறது.

குறுக்குக்கேள்வி

2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்ததே சார்? குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று எல்லா டிவியிலும் ஓடியது. அது இந்த ஆய்வுதானே? இன்னொன்று, 2006-07ஐ இன்றைக்கு ஒப்பிடுவது சரியா? நடுவில் மாநில உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டே மாறிவிட்டது. அந்த எட்டு சதவீதம் இன்றைய அளவுகோலில் எட்டாக இருக்காது.

கணக்குப்பிள்ளை

இரண்டாவது கேள்வி என் காதைத் திருகுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 70 ஆயிரம் கோடி என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் ஒரே அடிப்படை ஆண்டுக்குள்ளேயே விகிதம் இறங்கியிருக்கிறது, 2020-21ல் 5.46க்குப் போனது. கொரோனா வருடம்தான், சரி. ஆனால் இறக்கம் அதற்கு முன்பே தொடங்கியது. 2024-25ல் வளர்ச்சி 11.19 சதவீதம் என்று பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான், அந்த வளர்ச்சி வரிப்பெட்டிக்குள் ஏன் அதே வேகத்தில் விழவில்லை என்பதே என் கேள்வி.

வெள்ளை அறிக்கை நோய் என்ன என்று சொன்னது, நன்றாகவே சொன்னது. 2001லும் நிதியமைச்சர் பொன்னையன் காலத்தில் ஒன்று வந்தது. இரண்டும் ஆட்சி மாறிய சூட்டில் வந்தவை, போன ஆட்சி எப்படிக் கெடுத்தது என்பதைச் சொல்வதில்தான் பாதி வேகம். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2022 ஏப்ரல் சொத்துவரி. செப்டம்பரில் மின் கட்டணம், 2014க்குப் பிறகு முதல் தடவை. 2023 ஏப்ரல் வழிகாட்டி மதிப்பு. நவம்பரில் வாகன வரி. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொரு துறையும் தன் பாட்டுக்கு, எல்லாமே விகிதம். மேடத்தின் பக்கத்து விடுதி இன்னும் குடியிருப்பாகத்தான் இருக்கிறது, திருப்பூர்க்காரருக்குப் பில் விற்றவர் இன்னும் பிடிபடவில்லை.

நான் கேட்பது, ஆட்சி மாறினாலும் மாறாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக, எல்லா வரியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஒரு குழு. தேதி முன்பே தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சலுகையால் எவ்வளவு போகிறது, எந்த இனம் எத்தனை வருடமாகத் தொடப்படவில்லை, வசூலிக்க ஆகும் செலவே வரியைவிட அதிகமாக இருக்கிற இனம் எது என்பதெல்லாம் வெளியே வர வேண்டும். நிலவரிக்கு ரசீது போட்டுக் கொடுக்கிற நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் வேறு நாலு வேலை பார்க்கலாம் என்பது என் எண்ணம். அப்படிச் சிலதை எடுத்துவிடவும் குழு சொல்லட்டும். ‘எந்த ஆய்வாவது குறைப்பில் முடிந்ததா’ என்று கேட்டாரே ஒருவர், அதற்கும் இடம் இருக்கட்டும்.

திருப்பூர்_நூல்

குழுவில் யார் உட்காருவார்கள் என்பதைப் பொறுத்து. பத்து அதிகாரியும் இரண்டு பேராசிரியரும் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்திரக்கார அண்ணாச்சி மாதிரி ஒருவர், லாரிக்காரர் ஒருவர், என்னை மாதிரி நோட்டீஸ் வாங்கி அலைந்தவன் ஒருவன் இருந்தால் சரி. 2023ல் 50,000 ரூபாய்க்குள் பழைய பாக்கி வைத்திருந்த சின்ன வியாபாரிகளுக்கு முழுத் தள்ளுபடி கொடுத்தார்கள், அது நல்ல வேலை. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் மிச்சம். அந்த மாதிரி யோசனை கீழேயிருந்துதான் வரும்.

சும்மாதான்வந்தேன்

தேதி முன்பே தெரிய வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர்

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். லாட்டரிக்குத் தனி இழை தொடங்கலாம்.

மொட்டைமாடி

பெட்டியைத் திறந்துவிட்டேன். அப்பா வருடவாரியாக ரப்பர்பேண்டு போட்டு வைத்திருக்கிறார், பாதி ரப்பர் காகிதத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது.

1999 இரண்டாம் அரையாண்டு, நீல மையில் கையால் எழுதிய ரசீது, நூலக வரியும் சேர்த்து 620 ரூபாய். 2005, கம்ப்யூட்டர் ரசீது, 620. 2013, 620. 2021 முதல் அரையாண்டு, ஆன்லைனில் கட்டி நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது, 620. 2022 இரண்டாம் அரையாண்டு, 1,085.

1999 ரசீதின் பின்பக்கம் அப்பா பென்சிலில் அந்த மாதச் செலவைக் குறித்திருக்கிறார். பால் லிட்டர் கணக்கு, கேஸ், என் பள்ளி ஃபீஸ். அந்தப் பட்டியலில் 2021 வரை விலை மாறாமல் இருந்தது முன்பக்கம் இருக்கிற 620 மட்டும்தான். படம் எடுத்து வைத்திருக்கிறேன், கதவு எண்ணை மறைத்துவிட்டு இரவு ஏற்றுகிறேன்.